வாத்தியார் வாயிலிருந்து ஒரு வார்த்தை

புதிய நோயாளிகளின் பட்டியலில் ஐசாக் போல்டர்டைக் என்ற பெயரைப் பார்த்ததுமே கிரீனா அந்தத் தாளைப் பக்கத்து ஊரில் இருக்கும் சக பேச்சுப் பயிற்சியாளரிடம் தள்ளிவிட்டிருக்க வேண்டும். "இந்த ஆளு எனக்கு வேண்டாம், பழைய பகை ஒண்ணு இருக்கு" என்று ஒரு வரி சொன்னால் போதும், யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டு நாளும் நேரமும் குறித்தாள். திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. அந்த நாளையும் அந்த நேரத்தையும் வேண்டுமென்றேதான் குறித்தாள்.

ஸேலாந்து மாகாணத்தில் அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாரம் தொடங்குவது அந்த நேரத்தில்தான். வாரத்துக்கு வேதாகமத்துச் சங்கீதத்திலிருந்து ஒரு பத்தி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனப்பாடம் பண்ண வேண்டும், திங்கட்கிழமை காலையில் ஒவ்வொருவராக எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். தலைமையாசிரியர் போல்டர்டைக் மேசைமேல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிழையில்லாமல் சொன்னால் "அடுத்தது" என்பார். உட்காரலாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே பத்து வயது கிரீனா வாரம் முழுக்கப் பயந்தாள். பத்தி அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் திக்குவாய். முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கும் ஒட்டிக்கொண்டது. "நேரம் இருக்கு. கடவுளே காத்திருக்காரு, நாங்க காத்திருக்க மாட்டமா?" என்றார் வாத்தியார். வகுப்பும் காத்திருந்தது. கால் மணி நேரம் போயிற்று, அரை மணி நேரம் போயிற்று. பாடினால் தனக்குத் திக்காது என்பது கிரீனாவுக்குத் தெரியும். கோழிக்கொட்டகையில் தனியாகப் பாடிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கடைசியில் எப்படியோ தட்டுத்தடுமாறிக் கேட்டேவிட்டாள்.

"பா... பா... பாடிக் காட்டட்டுமா, வாத்தியாரே?"

"பாட்டுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கப் பார்க்கிறியா? தெளிவாப் பேசு. இல்லேன்னா நில்லு."

நின்றாள். இடைவேளை மணி அடிக்கும்வரை நின்றாள். கால்வழியாகச் சூடாக ஏதோ இறங்கிக் காலுறைக்குள் போனதையும், பின் பெஞ்சில் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டதையும் முப்பத்தாறு வருடம் கழித்தும் அவளால் மறக்க முடியவில்லை. மறக்க அவள் முயன்றதும் இல்லை.

அதோடு விட்டிருந்தாலாவது போகட்டும் என்று இருந்திருக்கலாம். வாத்தியார் திருச்சபையில் மூப்பரும்கூட, சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். வருடத்துக்கொரு முறை கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். கிரீனாவுக்குப் பதினாறு வயதானபோது அப்படி வந்தார். பெண் ஆசிரியப் பயிற்சிக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று அப்பா கூச்சத்தோடு சொன்னார். வாத்தியார் பிஸ்கட்டைக் காபியில் முக்கிக்கொண்டே, "வாயே வராத பொண்ணு வகுப்புல நின்னு என்ன செய்யும்? கர்த்தர் கொடுக்காததை நாம பிடுங்கக் கூடாது. வெங்காயக் கொட்டகையில ஆள் கேட்கிறாங்களே" என்றார்.

மூப்பர் சொல் அப்பாவுக்கு வேதவாக்கு. அடுத்த வாரமே கிரீனா வெங்காயக் கொட்டகையில் இருந்தாள். ஏழு வருடம் அழுகல் பொறுக்கினாள். அப்புறம் யாரையும் கேட்காமல் மாலை வகுப்பில் சேர்ந்து, தன் திக்குவாயையும் அங்கேயே சரிப்படுத்திக்கொண்டு, முப்பது வயதில் பேச்சுப் பயிற்சியாளர் ஆனாள். அப்பா அதைப் பார்க்கவில்லை. மகளுக்கு மறுத்தது சரிதான் என்ற நம்பிக்கையோடேயே கண்ணை மூடிவிட்டார். அப்பாவிடம் கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் போனதற்கும் சேர்த்து அவள் வாத்தியாரையே வெறுத்தாள்.

இப்போது அந்த வாத்தியாருக்கு ஜூன் மாதம் பக்கவாதம் வந்து, வலது கையோடு பேச்சும் போய்விட்டது.

முதல் நாள் அவர் மனைவி யான்னா கதவைத் திறந்தாள். மெலிந்த, சத்தமில்லாத பெண். ஊரில் அவள் குரலைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உள்ளே ஜன்னலோரம் நாற்காலியில் அவர். ஜன்னலுக்கு நேர் எதிரே பழைய பள்ளிக்கூடம். கிரீனாவை ஏறிட்டுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார் என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"வணக்கம், வாத்தியாரே. எப்படி இருக்கீங்க?"

உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை வெளியே விழுந்தது.

"அடுத்தது."

"எதுக்கும் அது ஒண்ணுதான் வருது" என்றாள் யான்னா மெதுவாக. "தண்ணி வேணும்னாலும் அடுத்தது. கழிப்பறைக்குப் போகணும்னாலும் அடுத்தது."

இப்படி நடப்பதுண்டு. எல்லாம் புரியும், வார்த்தை மட்டும் வராது. வாழ்நாள் முழுக்க அதிகம் புழங்கிய ஒரு சொல் மட்டும் வழியில் சிக்கிக்கொண்டு நிற்கும். பதினாறு வருடத் தொழிலில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள். ஆனாலும் அன்று திரும்பும்போது காரில் தனியாக உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

அவருக்கு என்ன வேண்டும் என்பதை முதல் நாளே காட்டிவிட்டார். இடது கையால் ஒரு தடித்த பிரசங்கப் புத்தகத்தை மேசைக்கு இழுத்து, அதன்மேல் விரலால் குத்திக் குத்திக் காட்டினார். அந்தச் சபைக்குப் போதகர் கிடையாது. பழைய போதகர்களின் பிரசங்கத்தை ஒரு மூப்பர் எழுந்து வாசிப்பார். பதினெட்டு வருடமாக அவர்தான் வாசகர். அக்டோபர் கடைசியில் சபைக் கூட்டம். அதற்குள் வாய் வராவிட்டால் அந்த இடம் உரக்கடை லேண்டர்டுக்குப் போய்விடும்.

"முயற்சி பண்ணுவோம், வாத்தியாரே" என்றாள் கிரீனா.

முயற்சி என்ன முயற்சி! பேச முடியாதவர் பலருக்குப் பாட முடியும். பாட்டு மூளையில் வேறு வழியாக வருகிறது. தெரிந்த மெட்டில் ஆரம்பித்து, கையைத் தட்டித் தட்டி, பாட்டிலிருந்து பேச்சுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவரலாம். எழுபத்தைந்து வருடமாகச் சங்கீதம் பாடிய வாய்க்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கிரீனாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பாட்டைத் தொடவேயில்லை. பாட்டுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம், தெளிவாகப் பேசட்டும்.

படம் போட்ட அட்டைகளை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு வாரமும் முதல் அட்டை ஒன்றேதான்.

"இது என்னது, வாத்தியாரே?"

வெங்காயம். அவர் வாய் திறக்கும், மூடும், எச்சில் ஒழுகும், நெற்றி வேர்க்கும்.

"நேரம் இருக்கு. அவசரமே இல்ல" என்பாள் கிரீனா, மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. கால் மணி நேரம் வெங்காயம். அப்புறம் உருளைக்கிழங்கு. அப்புறம் மறுபடி வெங்காயம். அவர் கண்ணில் முதலில் கோபம் இருந்தது, நான்காவது வாரத்தில் கெஞ்சல் வந்தது, ஆறாவது வாரத்தில் ஒன்றுமே இல்லை. வீடு திரும்பி நிம்மதியாகத் தூங்கினாள். சக பயிற்சியாளர் கேட்டபோது, "முன்னேற்றம் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கு" என்றாள்.

யான்னா எப்போதும் அறை மூலையில் ஏதாவது பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். மற்ற நோயாளிகளின் மனைவிகள் நச்சரிப்பார்கள், அழுவார்கள், வேறு வைத்தியம் உண்டா என்பார்கள். இவள் போகும்போது, "உனக்கு ரொம்பப் பொறுமை, பொண்ணே" என்று மட்டும் சொல்வாள்.

அந்த வீட்டில் ஒரு மூலையில் ஹார்மோனியம் உண்டு. அதன் மூடி பூட்டியிருந்தது, மேலே இஸ்திரி போட்ட துணி அடுக்கியிருந்தது. கோவிலுக்கு வர முடியாதவர்களுக்கு ஆராதனையை வீட்டுக்கே கொண்டுவரும் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியும் இருந்தது. அதன் ஒயர் பிடுங்கிக் கிடந்தது. "ரிப்பேர்" என்றாள் யான்னா. கிரீனா அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை. தன் வேலையிலேயே அவள் மும்முரமாக இருந்தாள்.

ஏழாவது திங்கட்கிழமை, செப்டம்பர் கடைசியில், ஊரே எதிர்பாராத வெயில். கிரீனா கொஞ்சம் பிந்தி வந்தாள். கதவு திறந்தே கிடந்தது. முன்னறையில் வாத்தியார் தனியாக, ஜன்னல் அகலத் திறந்திருந்தது. எதிரே பள்ளிக்கூடத்திலும் ஜன்னல்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். இப்போதைய ஆசிரியை இளகிய மனசுக்காரி, ஒப்பிக்கும் முன் வகுப்பு முழுவதையும் சேர்ந்து பாட வைப்பாள். பிள்ளைகளின் பாட்டு தெருவைக் கடந்து வந்தது.

வாத்தியாரும் பாடினார்.

வாய் கோணவில்லை. திக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் முழுசாக, அந்தக் கனத்த குரலில் வந்தது. கண்ணீர் தாடையில் வழிந்து சட்டைக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. கிரீனா வாசற்படியில் நின்றுவிட்டாள். ஏழு வாரம் அவள் மூடி வைத்திருந்த கதவைப் பிள்ளைகள் போகிறபோக்கில் திறந்துவிட்டார்கள். அவளுக்கு ஆத்திரம் வந்தது.

சமையலறையிலிருந்து யான்னா விரைந்து வந்தாள். கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி. சந்தோஷத்தில் கத்தப்போகிறாள் என்று கிரீனா நினைத்தாள். யான்னா நேராக ஜன்னலுக்குப் போனாள், இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினாள், கொண்டியைப் போட்டாள். பாட்டு நின்றது.

"அடுத்தது" என்றார் வாத்தியார். "அடுத்தது. அடுத்தது."

கிரீனா சமையலறைக்குப் பின்தொடர்ந்து போனாள். யான்னா கதவைச் சாத்திவிட்டு, மேசை இழுப்பறையில் துண்டுகளுக்கு அடியிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த குறிப்பு.

"ரெண்டாம் பக்கத்துலயே எழுதியிருக்கு. பாடச் சொல்லிப் பாருங்கன்னு. ஜூன் மாசமே படிச்சிட்டேன்."

"பெட்டி ரிப்பேர் இல்லையா?"

"நான்தான் பிடுங்கினேன்." யான்னா மறுபடி கிழங்கைக் கையில் எடுத்தாள். "நீயும்தான் பாட்டையே எடுக்கல. முதல் ரெண்டு வாரம் மறந்துட்டியோன்னு நினைச்சேன். அப்புறம் அந்த வெங்காயத்தைப் பார்த்தேன். சரி, இவளுக்கும் தெரியும், வேணும்னுதான் பண்றான்னு புரிஞ்சுது."

கிரீனா தாளை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"நாற்பத்தெட்டு வருஷம், பொண்ணே. மூணு வேளையும் சாப்பிட்டு முடிச்சதும் வேதத்துல ஒரு அதிகாரம் வாசிப்பாரு. மூடி வெச்சிட்டு என்னைக் கேட்பாரு, கடைசியா வாசிச்ச வார்த்தை என்னன்னு. எல்லா வீட்டுலயும் கேட்கிறதுதான். ஆனா பிள்ளைங்களைத்தான் கேட்பாங்க. எங்க பிள்ளைங்க கல்யாணமாகிப் போன பிறகும் என்னைக் கேட்டாரு. சொல்லத் தெரியலைன்னா நின்னுக்கிட்டே அதிகாரம் முழுக்க நான் வாசிக்கணும். அறுபத்தெட்டு வயசுப் பொம்பளை, முழங்கால் வலியோட. கடவுள் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. இப்ப மூணு மாசமா நானே மனசுக்குள்ள ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடறேன். உப்பு உறைப்பு தெரியுது எனக்கு."

இன்னொரு கிழங்கைச் சீவினாள். பிறகு யான்னா தலை நிமிராமலே சொன்னாள்.

"உன்னை நிக்க வெச்ச அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து, நீ திக்கின மாதிரியே திக்கிக் காட்டினாரு. காலுறை நனைஞ்சதையும் சொன்னாரு. பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்கலைன்னா ஏன்னு கேட்பாரு."

நிற்க வைத்தது கண்டிப்பு, மூடநம்பிக்கை, பழைய காலத்து வாத்தியார் புத்தி என்று எங்கேயோ ஒரு ஓரத்தில் அவள் அவருக்காக ஒரு சால்ஜாப்பு வைத்திருந்தாள். அது இப்போது போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் வைத்துச் சிரித்திருக்கிறார்கள்.

"இப்படியே விட்டுடுவோம்" என்றாள் யான்னா. "நீ வந்து அட்டையைக் காட்டு. நான் பின்னிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அப்போதுதான் கிரீனாவுக்கு அது உறைத்தது. பேச முடியாதவரை என்ன வதைத்தாலும் அவரிடமிருந்து ஒன்றும் கிடைக்காது. அவளுக்கு வேண்டியது அவர் தோல்வி இல்லை. 'நான் உனக்குச் செய்தது தப்பு' என்று அந்த வாய் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அந்த வாய்க்குப் பேச்சு வேண்டும்.

"பாட்டை ஆரம்பிக்கப் போறேன்."

கத்தி நின்றது. "வேண்டாம், பொண்ணே."

"எனக்கு அவரு வாயிலேருந்து ஒரு வார்த்தை வேணும்."

"உனக்கு ஒரு வார்த்தை வேணும். மிச்சம் வர்றதெல்லாம் எனக்குத்தானே வரும்?"

கிரீனா காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், காதில் விழுந்தது. ஆனால் அவள் கோபம் பெரிது, தன் கோபத்தைத் தவிர வேறு எவருடைய கோபத்துக்கும் அதில் இடம் இல்லை. நேரே முன்னறைக்குப் போய் ஜன்னல் கொண்டியைத் தூக்கினாள், வாத்தியாரின் இடது கையைப் பிடித்தாள், மேசைமேல் தட்டிக்கொண்டே அந்த மெட்டை எடுத்தாள்.

அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் வந்தாள். மற்ற நோயாளிகளைக்கூடத் தள்ளிப்போட்டாள். சங்கீத மெட்டில் 'தண்ணி வேணும்' வந்தது. 'கதவைத் திற' வந்தது. மெட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து பேச்சாயிற்று. சக பயிற்சியாளரே ஒரு நாள் வந்து பார்த்து அசந்துபோனார். ஒவ்வொரு முறையும் கடைசிக் கால் மணி நேரம் ஒரே ஒரு வாக்கியத்துக்கு.

"என் கூடவே சொல்லுங்க. நான்... உனக்கு... செஞ்சது... தப்பு."

வாத்தியார் உதட்டை இறுக மூடிக்கொள்வார். ஜன்னலைப் பார்ப்பார். இது வராதது இல்லை, சொல்ல மாட்டாதது. பதினாறு வருடம் வாய்களைப் பார்த்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? "நான் விடப்போறதில்ல" என்பாள் அவரிடம் சிரித்தபடியே.

சபைக் கூட்டம் வந்தது. இரண்டு வரிக்கு மேல் அவரால் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. வாசகர் இடம் லேண்டர்டுக்குப் போயிற்று. கிரீனாவுக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. ஆனால் கோவிலில் வாசிக்க முடியாத இரண்டு வரியை அவர் வீட்டில் வாசிக்கலாம் அல்லவா? சபை போனவருக்கு வீடுதான் சபை, அதில் மிஞ்சியிருந்தது ஒரே ஆள். அடுத்த முறை கிரீனா வந்தபோது யான்னா மூலையில் இல்லை. முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, சமையலறை மேசையோரம் நின்றபடி வாய்க்குள் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். கிரீனாவைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

அது கடைசி வகுப்பு. காப்பீட்டில் அனுமதித்தது அவ்வளவுதான். கிரீனா அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் முட்டும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தாள்.

"இனி மெட்டு வேண்டாம், வாத்தியாரே. எனக்கு முன்னால உட்கார்ந்து சொல்லுங்க. அந்தத் திங்கட்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கு. எனக்குத் தெரியும்."

அவர் அவளை நேராகப் பார்த்தார். முகம் இளகியது. இத்தனை வாரத்தில் முதல் முறையாக உதட்டின் இறுக்கம் தளர்ந்தது. கிரீனா பத்து வயதில் காத்திருந்தது போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நீ..." என்றார். நிறுத்தினார். மூச்சை இழுத்தார். "நீ... இப்ப... நல்லா பேசறே."

"சொல்லுங்க."

"நான்... நிக்க... வெச்சேன்." அவர் இடது கை எழுந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தது, நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையைத் தட்டுவதுபோல. "நான்தான்... உன்னை... திருத்தினேன்."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கள்ளமே இல்லை. அந்த ஆள் அதை நம்புகிறார்.

கிரீனா வாய் திறந்தாள். சொல்ல வேண்டியவை முப்பத்தாறு வருடமாகத் தயாராக இருந்தன. வெங்காயம், அப்பா, காலுறை. ஒன்றும் பயனில்லை. எதைச் சொன்னாலும் அதையும் தன் வளர்ப்பின் பெருமையாகவே அவர் எடுத்துக்கொள்வார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வாசலில் யான்னா அவள் கோட்டை வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"கிடைச்சுதா உன் வார்த்தை?"

"யான்னாம்மா, நான்..."

"நீ வாரத்துக்கு மூணு மணி நேரம் வந்துட்டுப் போனே. இனி அதுவும் இல்ல." கோட்டை அவள் தோளில் போட்டாள், பொத்தான்கூட மாட்டிவிட்டாள், ஒரு தாய் மாதிரி. "நான் உன்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன், பொண்ணே. ஒண்ணே ஒண்ணு."

கதவு சாத்திக்கொண்டது. கிரீனா படியிலேயே நின்றாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம், அப்புறம் வேதத்தை மேசைமேல் வைக்கும் சத்தம், அப்புறம் அவர் குரல்.

"யான்னா. இங்க வா. வந்து நில்லு."

ஒவ்வொரு எழுத்தும் மணி மாதிரி தெளிவாக இருந்தது. அந்த உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.